எந்த பைட் முன்னால்? புதிய பிராசஸருக்கு இயங்குதளத்தைக் கொண்டுபோகிறவர்கள் முதலில் தீர்க்கவேண்டிய கணக்கு

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்புப் பிராசஸரில், எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் முறையில் ஓடும் லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையக்கரு) இடமில்லை என்று 2025 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். பிராசஸரின் விதிநூலில் அதற்கு வழி இருக்கிறது. இயந்திர நிலை, கெர்னல் நிலை, பயனர் நிலை மூன்றுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த பிட்டை 1 ஆக்கினால் வரிசை திரும்பிவிடும். பிறகு ஏன் மறுப்பு? ஒரு பிட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கத் தோன்றும். பைட் வரிசை ஒரு பிட்டில் அடங்குகிற சமாசாரமாக இருந்ததே இல்லை என்பதுதான் பதில்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெக்ஸில் 12 34 56 78 என்ற நான்கு பைட் எண்ணை நினைவகத்தில் வைக்கவேண்டும். பெரிய மதிப்புள்ள பைட்டை முதல் முகவரியில் வைத்தால் 12 34 56 78. இது பிக் எண்டியன். சிறியதை முதலில் வைத்தால் 78 56 34 12. இது லிட்டில் எண்டியன். நாம் தேதியை 25-12-2024 என்று எழுதுவது லிட்டில் எண்டியன் வழக்கம். 2024-12-25 என்று எழுதினால் பிக் எண்டியன். அமெரிக்கர்கள் 12-25-2024 என்று நடுவிலிருந்து தொடங்குவார்கள். அதற்கும் கணினி உலகில் ஒரு சொந்தக்காரர் உண்டு: பிடிபி-11 இயந்திரத்தில் இதே எண் 34 12 78 56 என்று உட்காரும். யூனிக்ஸ் வளர்ந்தது அந்த இயந்திரத்தில்தான். வரிசை மாறிய வேறு இயந்திரத்துக்கு அதைக் கொண்டுபோனபோது, இரண்டு எழுத்துக்கு ஒரு 16 பிட் சொல்லாக அடுக்கியிருந்த ‘யுஎன்ஐஎக்ஸ்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் ‘என்யுஎக்ஸ்ஐ’ என்று அச்சாயின. இந்தக் கோளாறுக்கு இன்றுவரை ‘நக்ஸி’ என்றுதான் பெயர்.

தமிழ் எழுத்தும் இதில் மாட்டும். ‘அ’ என்ற எழுத்தின் யூனிகோடு எண் 2949. யுடிஎஃப்-16 கோப்பில் அது 11, 133 என்ற இரண்டு பைட். வரிசையைத் திருப்பிப் படித்தால் 133, 11, அதாவது 34059. அந்த எண்ணில் இருப்பது ஒரு சீன எழுத்து. ஒரு கோப்பு முழுக்கச் சீனமாகத் தெரிந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்கவேண்டாம்.

எண்டியன் என்ற பெயரை, முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிட்ட கற்பனை ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்து 1980 ஏப்ரல் 1 அன்று ஒரு கட்டுரையில் பயன்படுத்தியவர் டேனி கோஹென். எது உயர்ந்தது என்ற சண்டையில் பொருளில்லை, எல்லாரும் ஒன்றை ஒத்துக்கொள்வதே முக்கியம் என்பது அவர் வாதம். ஒத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. 1964-இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360, பிறகு மோட்டரோலா 68000, ஸ்பார்க் எல்லாம் பிக் எண்டியன். வாக்ஸும் இன்டெலின் 8086-உம் லிட்டில் எண்டியன். இன்டெல் வழிக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 8008 சில்லின் மூலமான டேட்டாபாயின்ட் 2200 எண்களை ஒவ்வொரு பிட்டாகக் கூட்டியது. கூட்டலில் மீதி சிறிய பக்கத்திலிருந்துதான் ஏறும், ஆகவே சிறிய பைட் முதலில் கைக்கு வருவது வசதி. அந்த வசதிக்கான தேவை எப்போதோ போய்விட்டது. வரிசை மட்டும் மேசைக் கணினி வரைக்கும் வந்து நிலைத்துவிட்டது.

பிட்டை மாற்றினால் எது மாறும், எது மாறாது

இரண்டு வரிசையிலும் ஓடும் பிராசஸர் என்று விளம்பரத்தாளில் பார்த்ததும் கேட்கவேண்டியது: இந்தப் பிட் எதையெல்லாம் திருப்புகிறது? கட்டளைகளையுமா, தரவை மட்டுமா? பக்க அட்டவணையை (நினைவக முகவரிகளை மாற்றித்தரும் பட்டியல்) வன்பொருள் படிக்கும்போது எந்த வரிசை? இடையீடு (இன்டரப்ட்) வந்து கெர்னலுக்குள் நுழையும்போது எந்த வரிசை? இந்த நான்குக்கும் ஒவ்வொரு பிராசஸரும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

மிப்ஸில் வழக்கமாக இது மின்சாரம் வரும்போதே முடிவாகிவிடும். பலகையில் ஒரு முள் எந்தப் பக்கம் இழுக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் வரிசை. கட்டளை, தரவு எல்லாம் சேர்ந்தே திரும்பும். மென்பொருளுக்குத் தெரிந்துகொள்ள மட்டும்தான் உரிமை.

ஆர்ம் வேறு கதை. பழைய ஆர்மில் பிக் எண்டியன் என்றால் கட்டளையும் பிக் எண்டியன். ஆர்ம் 6-ஆம் பதிப்பில் வந்த பிஇ-8 முறையில் கட்டளைகள் எப்போதும் லிட்டில் எண்டியன், தரவு மட்டும் திரும்பும். 64 பிட் ஆர்மிலும் அதே ஏற்பாடு. இதனால் நிரலைக் கட்டும் (பில்ட்) இடத்தில் ஒரு சிக்கல். 32 பிட் ஆர்மில் கம்பைலர் தரும் இடைநிலைக் கோப்புகளில் எல்லாமே பிக் எண்டியனாக இருக்கும். கடைசியில் அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர்தான் கட்டளைப் பகுதியை மட்டும் தேடித் திருப்பும். எது கட்டளை, எது தரவு என்பதை அது அசெம்ளர் வைத்த குறிகளைக் கொண்டு முடிவுசெய்கிறது. கையால் எழுதிய அசெம்ளியில், அசெம்ளருக்குத் தெரியாத ஒரு புதிய கட்டளையை எண்ணாகவே எழுதும்போது ‘இன்ஸ்ட்’ என்று போடவேண்டிய இடத்தில் ‘வேர்ட்’ என்று போட்டால் லிங்கர் அதைத் தரவு என்று நினைத்து விட்டுவிடும். லிட்டில் எண்டியனில் பிழையே இல்லாமல் ஓடும் அந்த வரி, பிஇ-8-இல் தெரியாத கட்டளை என்று விழும். கெர்னல் ஓடும்போதே தன் கட்டளைகளை மாற்றியெழுதும் இடங்களிலும் இதே கண்ணி: எழுதும் எண்ணை லிட்டில் எண்டியனாக்கிவிட்டுத்தான் எழுதவேண்டும்.

ரிஸ்க்-ஃபைவிலும் கட்டளை எப்போதும் லிட்டில் எண்டியன்தான். கட்டளையின் நீளம் முதல் 16 பிட் துண்டின் கடைசி இரண்டு பிட்டில் தெரியவேண்டும், அந்தத் துண்டு முதல் முகவரியில் இருந்தால்தான் வன்பொருளுக்கு வேலை எளிது. பக்க அட்டவணை கெர்னல் நிலைக்கான பிட்டைப் பின்பற்றும். அந்த பிட் ஒரு வரிசையிலேயே நிலையாகப் பூட்டப்பட்டிருக்கவும் விதி இடங்கொடுக்கிறது. நடைமுறையில் விற்கும் சில்லுகள் லிட்டில் எண்டியனில் பூட்டியவை.

பவர்பிசிதான் இருப்பதிலேயே வினோதம். 1990-களின் பவர்பிசியில் லிட்டில் எண்டியன் என்று ஒரு முறை இருந்தது. விண்டோஸ் என்டி பவர்பிசிக்குப் போனபோது அதில்தான் ஓடியது. ஆனால் அந்த முறை பைட்டுகளைத் திருப்புவதே இல்லை, முகவரியைத்தான் திருகும். ஒரு பைட் கேட்டால் முகவரியின் கடைசி மூன்று பிட்டை 7-உடன் எக்ஸார் செய்யும் (7-இல் 1 இருக்கும் இடங்களைப் புரட்டும்); இரண்டு பைட் கேட்டால் 6; நான்கு பைட்டுக்கு 4. உள்ளே ஓடும் நிரலுக்கு எல்லாம் லிட்டில் எண்டியன்போலத் தெரியும். வெளியே நினைவகத்தில் எட்டு எட்டு பைட்டாகக் கண்ணாடிப் பிம்பம்போல் கிடக்கும். டிஎம்ஏ மூலம், அதாவது பிராசஸர் வழியாக இல்லாமல் நேராக, நினைவகத்தைத் தொடும் எந்தச் சாதனத்துக்கும் இது குழப்பம், ஆகவே பிராசஸரைச் சாதனங்களோடு இணைக்கும் பாலச் சில்லும் சேர்ந்து திருகவேண்டும். 2003-இல் வந்த பவர்பிசி ஜி5 இந்த முறையைக் கைவிட்டது. ஆப்பிளின் மேக்கில் விண்டோஸை ஓட்டிய வர்ச்சுவல் பிசி அந்த முறையை நம்பியிருந்ததால் ஜி5-இல் நின்றுபோனது. அதைத் திருத்தி எழுதிய பதிப்பு வரும்வரை பயனர்கள் காத்திருந்தார்கள். பிட் இருக்கிறது என்று நம்பி அதன்மேல் வீடு கட்டினால் அடுத்த தலைமுறைச் சில்லில் பிட் இல்லாமலும் போகலாம்.

பவர் இடம் மாறியது எப்படி

வரிசையை நிஜமாகவே மாற்றி வெற்றிபெற்ற பெரிய முயற்சி, பவர்பிசியின் உறவான ஐபிஎம் பவர் 8-இல் நடந்தது. பல்லாண்டுகளாக பிக் எண்டியனில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸை 2013-14 வாக்கில் லிட்டில் எண்டியனுக்குக் கொண்டுவந்தார்கள். லினக்ஸ் தொகுப்புகளில் 2014-இல் உபுண்டு 14.04, அதே ஆண்டில் சூசே 12, 2015-இல் டெபியன் 8, ரெட் ஹேட் 7.1 என்று வரிசையாக வந்தன. லிட்டில் எண்டியன் வேகமானது என்பதற்காகச் செய்த மாற்றம் இல்லை இது. உலகத்தில் எழுதப்படும் சர்வர் மென்பொருளில் பெரும்பங்கு இன்டெல் வழிவந்த எக்ஸ்86-இல் மட்டும் சோதிக்கப்படுகிறது. அதில் ஊறிக்கிடக்கும் வரிசை அனுமானங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதைவிட பிராசஸரை அந்தப் பக்கம் சாய்ப்பது மலிவு. கிராஃபிக்ஸ் அட்டைகளோடு தரவைப் பகிர்வதற்கும் அதுவே தோது. ஐபிஎம்மின் சொந்த இயங்குதளமான ஏஐஎக்ஸ் மட்டும் பிக் எண்டியனிலேயே தங்கிவிட்டது. அதன் வாடிக்கையாளர்களிடம் இருக்கும் தரவும் பைனரிகளும் அப்படி.

இந்த மாற்றத்தில் கெர்னலின் முதல் சில வரிகளைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. கெர்னலுக்குள் யார் எந்த வரிசையில் குதிப்பார்கள் என்று சொல்லமுடியாது. பலகையிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான ஃபர்ம்வேர் பிக் எண்டியனில் வரலாம், முந்தைய கெர்னல் லிட்டில் எண்டியனில் வரலாம். தவறான வரிசையில் வந்தால் முதல் கட்டளையே தலைகீழாகப் படிக்கப்படும். ஆகவே இரண்டு வரிசையிலும் அர்த்தமுள்ள ஒரு கட்டளையை முதலில் வைக்கிறார்கள். ஹெக்ஸில் 08 00 00 48. சரியான வரிசையில் இது நிபந்தனை எதுவும் கொடுக்கப்படாத ஒரு ‘டிராப்’ கட்டளை. ஒருபோதும் நிறைவேறாது, சும்மா கடந்துபோகும். அதற்கு அடுத்த கட்டளை நேராக உண்மையான தொடக்கத்துக்குத் தாவிவிடும். தவறான வரிசையில் அதே நான்கு பைட்டுகள் 48 00 00 08 என்று படிக்கப்படும். அதன் பொருள் எட்டு பைட் தள்ளித் தாவு. அங்கே ஒரு சின்னத் துண்டு, கட்டளைகளைக் கையால் தலைகீழாக எழுதி வைத்தது, காத்திருக்கிறது. அது இயந்திர நிலை ரெஜிஸ்டரைப் படித்து, கடைசி பிட்டை 1-உடன் எக்ஸார் செய்து, இடையீட்டிலிருந்து திரும்பும் கட்டளையால் புதிய வரிசையில் இறங்குகிறது. அதே துண்டு இரண்டு திசைக்கும் வேலைசெய்யும், பிட்டைப் புரட்டுவதுதானே வேலை.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் முதல் இடையீட்டில் விழுவோம். இடையீடு வரும்போது பிராசஸர் எந்த வரிசைக்குப் போகவேண்டும் என்பதற்கு வேறொரு பிட். மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் விருந்தாளி கெர்னல் அதைத் தானாகத் தொடமுடியாது, அந்த இயந்திரத்தை நடத்தும் ஹைப்பர்வைசரிடம் கேட்டு மாற்றவேண்டும். மாற்றுவதற்கு முன் ஒரு பக்கப் பிழை வந்தாலும் கையாளும் நிரலை பிராசஸர் தலைகீழாகப் படிக்கும். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது ஒரு பாதி. இன்னொரு கெர்னலுக்குக் கையளிக்கும்போது மறக்காமல் பழையபடி பிக் எண்டியனுக்குத் திருப்பி வைப்பது மறுபாதி. வருகிறவர் யாரென்று தெரியாதே.

பவரில் இன்னொரு விசித்திரம்: கெர்னல் முழுக்க லிட்டில் எண்டியனாகிவிட்டாலும் பக்க அட்டவணையின் பதிவுகள் பிக் எண்டியனிலேயே இருக்கவேண்டும். ஹைப்பர்வைசரோடு பகிரும் நினைவக அமைப்புகளும் அப்படியே. ஹைப்பர்வைசரை ரெஜிஸ்டர் வழியாக அழைக்கும்போது தொல்லையில்லை, ரெஜிஸ்டருக்கு முன் பைட், பின் பைட் என்று எதுவும் கிடையாது. நினைவகத்தில் ஒரு அமைப்பை வைத்து முகவரியைக் கொடுக்கும் நொடியில்தான் வரிசை தலைகாட்டும்.

பல எண்களை ஒரே அடியில் கையாளும் வெக்டர் கட்டளைகளில் விலை கொடுத்தார்கள். பவர் 8-இல் 16 பைட்டை ஏற்றும் முக்கியக் கட்டளை இரண்டு எட்டு பைட் பாதிகளை லிட்டில் எண்டியன் நிரல் எதிர்பார்ப்பதற்கு எதிர்த்திசையில் வைக்கும். ஆகவே ஒவ்வொரு ஏற்றலுக்குப் பின்னும், ஒவ்வொரு சேமிப்புக்கு முன்னும் ஒரு இடமாற்றக் கட்டளை. தேவையில்லாதபோது அதை நீக்க கம்பைலருக்குத் தனியாக ஒரு படி சேர்த்தார்கள். பவர் 9-இல்தான் சரியான கட்டளைகள் வந்தன. வரிசையை முடிவுசெய்கிறவர்கள் சாதாரண ஏற்றல் சேமிப்பை மட்டும் பார்த்துவிட்டு வெக்டர் பகுதியை விட்டுவிடுகிறார்கள், வேகம் கரைவது அங்கேதான்.

லாபமும் ஒன்று கிடைத்தது. லிட்டில் எண்டியன் பவர் லினக்ஸுக்குப் பழைய பைனரிகள் இல்லை. எதையும் உடைத்துவிடுவோம் என்ற பயமில்லாமல் செயல்கூறுகளை அழைக்கும் மரபையே புதிதாக எழுதிக்கொண்டார்கள். பைட் வரிசை மாறினால் பைனரி உறவு எப்படியும் அறுந்துபோகும். அறுந்ததே அறுந்தது என்று ஏபிஐ-யில் (பைனரிகள் ஒன்றோடொன்று பேசும் அந்த மரபு) இருந்த பழைய குப்பையையும் சேர்த்து எறிந்தது புத்திசாலித்தனம்.

உடையும் இடங்கள்

புதிய பலகையில் கெர்னல் ஒரு எழுத்தும் காட்டாமல் உறைந்தால் முதலில் பார்க்கவேண்டியது சீரியல் கன்சோல். அதன் ரெஜிஸ்டர்கள் எட்டு பிட்தான், ஆனால் நான்கு பைட்டுக்கு ஒன்றாக இடைவெளிவிட்டு வைத்திருப்பார்கள். லிட்டில் எண்டியனில் அந்த ஒரு பைட் நான்கில் முதலாவது. பிக் எண்டியன் பஸ்ஸில் அது நான்காவதாகப் போய் உட்காரும். முகவரியில் 3 கூட்டினால் பேச ஆரம்பித்துவிடும், இல்லாவிட்டால் மௌனம்.

அடுத்தது டிவைஸ் ட்ரீ, பலகையில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல். எந்த பிராசஸராக இருந்தாலும் அதிலுள்ள எண்கள் பிக் எண்டியன். 128 எம்பி நினைவகம் என்பது அதில் 08 00 00 00 என்று இருக்கும். மாற்றாமல் படித்த லிட்டில் எண்டியன் கெர்னலுக்கு அது 8. எட்டே எட்டு பைட் நினைவகம் இருப்பதாக நம்பும் கெர்னல் கன்சோல் திறப்பதற்கு முன்பே செத்துவிடும், காரணம் சொல்லக்கூட அதற்கு இடமிருக்காது.

விரிவாக்க அட்டைகளை இணைக்கும் பிசிஐ பஸ் லிட்டில் எண்டியன். இன்டெல் சாதனத்தின் நிறுவன எண் ஹெக்ஸில் 8086. அமைப்பு வெளியின் முதல் இரண்டு பைட் 86 80. பட்டியலில் 8680 என்ற நிறுவனம் தெரிந்தால் யாரோ ஒருமுறை திருப்பாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது இருமுறை திருப்பியிருக்கிறார்கள். இந்த இருமுறைதான் டிரைவர்களில் அதிகம் பார்க்கும் பிழை. சாதன ரெஜிஸ்டரைப் படிக்கும் லினக்ஸின் ‘ரீட்எல்’ பிக் எண்டியன் இயந்திரத்தில் தானே திருப்பித் தரும். டிரைவர் எழுதியவர் அது தெரியாமல், கவனமாக இருப்பதாக எண்ணி, மேலே இன்னொரு மாற்றத்தைப் போடுவார். எக்ஸ்86-இல் இரண்டும் ஒன்றும் செய்யாது, அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

அதே சாதனத்தில் திருப்பவே கூடாத இடமும் உண்டு. நெட்வொர்க் அட்டையின் நிலை ரெஜிஸ்டர் ஒரு எண், அதைத் திருப்பவேண்டும். அதன் தரவுத் துறை (போர்ட்) வழியாக வருவது பைட் ஓட்டம், அது வந்த வரிசையிலேயே நினைவகத்தில் இறங்கவேண்டும். அதற்கென்று வரிசையைத் தொடாத தனி செயல்கூறுகள் இருக்கின்றன. எண்ணா, ஓட்டமா என்ற கேள்வியை ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் கேட்காமல் ‘எல்லாவற்றையும் திருப்பு’ என்று பஸ்ஸிலேயே கம்பிகளை மாற்றி இணைத்த பலகைகள் உண்டு. அவை ஒரு பிழையை மறைத்து இன்னொன்றை உண்டாக்கும்.

எங்கே எழுதுவது என்று சாதனத்துக்குச் சொல்லும் டிஎம்ஏ விவரிப்பான்களில் தவறினால் அடி பலமாக விழும். 00 00 00 00 12 34 50 00 என்ற முகவரியை மாற்றாமல் எழுதினால் சாதனம் 00 50 34 12 00 00 00 00 என்ற இடத்தில் எழுதப்போகும். சாதனங்களின் நினைவக அணுகலைக் காவல்காக்கும் ஐஓஎம்எம்யு இருந்தால் பிழைச் செய்தி. இல்லையென்றால் என்ன நடக்கும் என்பது பலகையைப் பொறுத்தது.

நெட்வொர்க் நெறிமுறைகள் பிக் எண்டியன் என்பது எல்லாரும் அறிந்தது, அதனால் அங்கே பிழை குறைவு. 80-ஆம் துறையில் கேட்கவேண்டிய சர்வர் 20480-இல் கேட்டுக்கொண்டிருந்தால் காரணத்தைத் தேடவே வேண்டாம்: ஹெக்ஸில் 00 50 என்பது 50 00 ஆகியிருக்கிறது. ஒரு பைட்டையே துண்டுபோட்டுப் பெயரிடும் பிட் புலங்களில்தான் ஏமாறுவோம். ஐபிவி4 தலைப்பின் முதல் பைட் வழக்கமாக ஹெக்ஸில் 45. பதிப்பு 4, நீளம் நான்கு பைட் கொண்ட 5 சொற்கள். சி மொழியின் பிட் புலங்களை கம்பைலர்கள் பெரும்பாலும் பைட் வரிசையின் திசையிலேயே அடுக்கும். ஒரே அறிவிப்பு ஒரு பக்கம் பதிப்பு 4 என்றும் மறுபக்கம் பதிப்பு 5 என்றும் படிக்கும். லினக்ஸ் தலைப்புக் கோப்பில் அந்த இரண்டு வரியும் இரண்டு வரிசைக்கும் இரண்டு தடவை எழுதப்பட்டிருப்பது அதனால்தான்.

பயனர் நிரல்களில் ஒரு எடுத்துக்காட்டு போதும். எத்தனை பைட் படிக்கக் காத்திருக்கிறது என்று கெர்னலைக் கேட்கும் ஐஓகன்ட்ரோல் அழைப்பு நான்கு பைட் எண்ணை எழுதும். நிரலாளர் எட்டு பைட் ‘லாங்’ மாறியின் முகவரியைக் கொடுத்துவிட்டார். மாறி முன்பே 0 ஆக இருந்தால் லிட்டில் எண்டியனில் 5 என்பது 5 ஆகவே கிடைக்கும். பிக் எண்டியனில் 21474836480. பிழை இரண்டிலும் இருக்கிறது, லிட்டில் எண்டியன் அதை மன்னித்துவிடுகிறது. இந்த மன்னிக்கும் குணம்தான் எக்ஸ்86-இல் பிறந்த மென்பொருளில் இவ்வளவு பிழைகள் சேர்ந்ததற்குக் காரணம். கெர்னலுக்குள் இதன் தம்பி பிட்மேப் (ஒவ்வொரு பிட்டும் ஒரு ஆம்/இல்லை குறி): 32 பிட் எண்களின் அணியை 64 பிட் பிட்மேப்பாக நடத்தினால் பிக் எண்டியனில் 0-ஆம் பிட் இரண்டாவது எண்ணுக்குள் போய்விடும்.

கோப்பு முறைமைகளில் நல்ல பாடம் இருக்கிறது. சிலிக்கன் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்த எக்ஸ்எஃப்எஸ் எங்கே ஓடினாலும் வட்டில் பிக் எண்டியன். எக்ஸ்ட்4 லிட்டில் எண்டியன், ஆனால் அதன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவேடு) மட்டும் பிக் எண்டியன். ஒரே வட்டுக்குள் இரண்டு மரபு, யாரும் அதனால் கஷ்டப்படவில்லை. கஷ்டப்பட்டது ‘இயந்திரத்தின் வரிசை எதுவோ அதுவே’ என்று விட்டவர்கள். தொடக்கத்தில் பிக் எண்டியன் இயந்திரங்களில் எக்ஸ்ட்2 அப்படித்தான் எழுதப்பட்டது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டதும் திறக்கவில்லை. பிறகு லிட்டில் எண்டியனே நியமம் என்று வைத்து, பழைய வட்டுகளைத் திருப்பிக்கொடுக்கச் சோதனைக் கருவியில் ஒரு தேர்வைச் சேர்த்தார்கள். மெய்நிகர் இயந்திரங்களின் சாதனங்களுக்கான நியமமான விர்ட்ஐஓ-வும் அதே குழியில் விழுந்து எழுந்தது. பழைய பதிப்பில் ‘விருந்தாளியின் வரிசை’ என்று எழுதியிருந்தார்கள். பவரில் விருந்தாளி ஓடும்போதே வரிசை மாறலாம் என்றானதும், இயந்திரத்தை மென்பொருளிலேயே போலச் செய்யும் கியூஎமு விருந்தாளியின் வரிசையை ஊகிக்கவேண்டியதாயிற்று. 1.0 பதிப்பு எப்போதும் லிட்டில் எண்டியன் என்று முடித்துவைத்தது. வெளியே போகும் எந்தத் தரவுக்கும் ஒரே வரிசையை நிலையாக வையுங்கள், எது என்பது இரண்டாம் பட்சம்.

எதைத் தேர்வது

புதிய பிராசஸருக்கு இயங்குதளத்தைக் கொண்டுபோகிறவர் லிட்டில் எண்டியனில் தொடங்குவதுதான் சரி. ஃபர்ம்வேருக்கான யுஇஎஃப்ஐ விதிப்படி லிட்டில் எண்டியன். வன்பொருள் விவரத்துக்கான ஏசிபிஐ, பிசிஐ, யுஎஸ்பி எல்லாம் அப்படியே. 64 பிட் ஆர்மில் பிக் எண்டியன் கெர்னல் கட்டினால் யுஇஎஃப்ஐ ஆதரவையே விட்டுக்கொடுக்கவேண்டும். மொழி இயக்கிகள், ஓடும்போதே மொழிபெயர்க்கும் ஜேஐடி கம்பைலர்கள், வீடியோ நூலகங்கள் இவற்றின் கையால் எழுதிய பகுதிகள் எல்லாம் லிட்டில் எண்டியனை வைத்தே எழுதப்பட்டவை.

பிக் எண்டியனுக்கு நெட்வொர்க் வேகத்தைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. தலைப்புகளில் திருப்பவேண்டியது சில எண்கள்தான். எக்ஸ்86-இல் 486 காலத்திலிருந்தே, ஆர்மில் 6-ஆம் பதிப்பிலிருந்து, பைட்டைத் திருப்ப ஒற்றைக் கட்டளை இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவில் ஸெட்பிபி என்ற கூடுதல் கட்டளை நீட்சி இருந்தால் ஒன்றிரண்டு கட்டளை. இல்லையென்றால்தான் நகர்த்தலும் மறைப்புமாக ஏறத்தாழ பத்து. அதற்கு ஸெட்பிபி உள்ள சில்லை வாங்குவது தீர்வு, இயங்குதளத்தையே திருப்புவது தீர்வாகாது. ஐபி செக்சம்மோ (பிழை கண்டுபிடிக்கும் கூட்டுத்தொகை) வரிசையைப் பற்றிக் கவலையே படாது. பைட்டுகளைத் திருப்பிக் கூட்டினால் விடையும் திருப்பி வரும், அவ்வளவுதான்.

பிக் எண்டியனைத் தேர்வதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு. விட்டுப்போகமுடியாத தரவும் பைனரியும் கையில் இருப்பது ஒன்று. ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் லினக்ஸ் பிக் எண்டியனில் ஓடுவதற்குக் காரணம், அந்தக் கட்டமைப்பே 1964 முதல் அப்படி. சில்லின் மற்ற பாகங்கள் பிக் எண்டியனில் மட்டும் பேசுவது மற்றொன்று.

இரண்டையும் கொடுத்துவிடலாமே என்பது கேட்க நன்றாயிருக்கும். மிப்ஸைப் பாருங்கள். டெக் நிறுவனத்தின் இயந்திரங்கள் லிட்டில் எண்டியன், சிலிக்கன் கிராஃபிக்ஸ் பிக் எண்டியன். ரூட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யுஆர்டி-இல் இன்றும் ஏதரோஸ் ரூட்டர்களுக்கு ஒரு தொகுப்பு, மீடியாடெக் எம்டி7621-க்கு வேறொரு தொகுப்பு. ஒரே கட்டளைத்தொகுதி, ஆனால் ஒன்றின் பைனரி மற்றதில் ஓடாது. ஒவ்வொரு நிரலையும் இருமுறை கட்டி, இருமுறை சோதித்து, இரண்டு கிடங்கில் வைக்கவேண்டும். டெபியன் இதைப் பல்லாண்டு செய்து பார்த்துவிட்டு 11-ஆம் பதிப்பில் பிக் எண்டியன் மிப்ஸை விட்டது. ரிஸ்க்-ஃபைவ் போன்ற இளம் கட்டமைப்பு அந்தச் செலவை வலியப்போய் வாங்கிக்கொள்வதற்கு எதிரான வாதம் இதுதான், அது சரியென்றே படுகிறது.

எதைத் தேர்ந்தாலும், எழுதும் நிரல் இரண்டிலும் ஓடுகிறதா என்று பார்ப்பது இன்று மலிவு. கெர்னலில் வெளித் தரவைத் தொடும் புலங்களுக்கு ‘எல்இ32’, ‘பிஇ32’ வகைகளைக் கொடுத்து, நிரலைக் கட்டும் ‘மேக்’ கட்டளையில் சி=2 சேர்த்து, மூலநிரலைச் சரிபார்க்கும் ஸ்பார்ஸை ஓட்டினால், மாற்றாமல் விட்ட இடங்களையும் இருமுறை மாற்றிய இடங்களையும் ஓட்டாமலே காட்டும். பயனர் நிரலுக்கு, எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) குறுக்குக் கம்பைலரால் நிலையான இணைப்போடு கட்டி, கியூஎமுவின் பயனர் முறையில் சோதனைகளை ஓட்டலாம். வன்பொருள் எதுவும் வேண்டாம்.

கெர்னலுக்கு மிப்ஸின் மால்டா பலகை தோது. கியூஎமு அதை இரண்டு வரிசையிலும் போலச் செய்யும். அதே பிசிஐ, அதே நெட்வொர்க் அட்டை, அதே மூலநிரல். கெர்னல் அமைப்புக் கோப்பில் பைட் வரிசைத் தேர்வை மட்டும் மாற்றி இரண்டு கெர்னல்களைக் கட்டி, சீரியல் வெளியீட்டை இரண்டு கோப்பில் பிடித்து, நேர முத்திரைகளை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பதிப்பு வரி போன்ற எதிர்பார்த்த வேறுபாடுகளைத் தள்ளிவிட்டால், அடுத்து வித்தியாசப்படும் முதல் வரியை அச்சிட்ட டிரைவரிலிருந்து தேடத் தொடங்கலாம்.